காலுக்குடையவன்

சுஹைர் இந்த முறை ஹஜ்ஜுக்குப் போகிறார் என்ற கதையை நிஃப்லா கொண்டுவந்தபோது மஹ்மூதா கூலிக்கு அவித்த நண்டை உடைத்துச் சதை எடுத்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த நண்டுக் காலைத் தட்டில் வைத்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். பக்கத்து வீட்டு நிஃப்லாவுக்கு அது பெரிய ஆச்சரியம். சுஹைரின் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்புகிறவள், இன்றைக்கு அல்லாஹ்வைப் புகழ்கிறாளே, மனசு மாறிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மனசும் மாறவில்லை, ஒன்றும் மாறவில்லை. ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் பயணம் சொல்ல வரவேண்டும், மாப்புக் கேட்கவேண்டும். அது புத்தளத்தில் எவரும் தட்டாத வழக்கம். அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அல்லாஹ் மன்னிப்பான். மனிசனுக்குச் செய்ததை அந்த மனிசன் மன்னித்தால்தான் உண்டு. அந்த ஹக்கை, தீர்க்காத அந்தக் கடனை, தலையில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் பறந்தாலும் ஹஜ்ஜு கூடுமோ கூடாதோ என்ற பயம் ஆளை விடாது. ஆகவே சுஹைர் இந்தத் தகரப் படலையைத் திறந்துகொண்டு வந்துதான் ஆகவேண்டும். இரண்டு வருடமாக மஹ்மூதா காத்திருந்தது அந்தப் படலைச் சத்தத்துக்குத்தான்.

சுஹைர் யார் என்று சொல்லிவிடவேண்டும். ஐஸ் கடையும் வலைக் கடையும் வைத்திருப்பவர். களப்பில் மீன்பிடித் தொழில் செய்கிறவர்களின் சங்கத்துக்குத் தலைவர். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்து இறங்கிய சனத்துக்கு முதல் நாள் கஞ்சி காய்ச்சி ஊற்றியது அவருடைய வாப்பா வீட்டில்தான். அந்தச் சனத்தோடு வந்த மஹ்மூதாவுக்கு அப்போது பதினாறு வயது. அந்தக் கஞ்சியின் சூடு இன்னும் நாக்கில் இருக்கிறது என்று அவளே பல தடவை சொல்லியிருக்கிறாள். அதனால்தான் கோபமும் இவ்வளவு ஆழமாகப் போய்விட்டது.

இப்போது பூங்கா இருக்கிற கரையில்தான் அவர்களுடைய துறை இருந்தது. சிப்பியும் மணலும் இறுகிய கெட்டித் தரை. மஹ்மூதாவின் கணவன் இப்றாஹிமும் இன்னும் முப்பது நாற்பது பேரும் தோணியைத் தள்ளி ஏற்றி, எஞ்சினைக் கழற்றிக் கைவண்டியில் வைத்து, நனையாத காலோடு வீட்டுக்கு வருவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு சுஹைர் ஒரு கடதாசியோடு கரைக்கு வந்தார். துறைக்குப் படிக்கட்டுக் கட்டப்போகிறார்கள், பொம்பளைகளுக்கு மீன் விற்கக் கடையும் வரும், எல்லோரும் ஒப்பம் வையுங்கள் என்றார். கடதாசி சிங்களத்தில் இருந்தது. கதைக்கத் தெரிந்தவர்கள்தான் எல்லோரும், வாசிக்கத் தெரிந்தவர் இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் அன்று கடலில். கஞ்சி ஊற்றிய வீட்டுப் பிள்ளை கேட்கிறார் என்று இப்றாஹிம்தான் முதல் ஒப்பம் வைத்தான். கரையை விட்டுப் போக எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்பதுதான் அந்தக் கடதாசியின் சாரம்.

ஆறு மாதத்தில் பூங்கா வந்துவிட்டது. இன்டர்லொக் கல் பதித்த நடைபாதை, சறுக்குப் பலகை, ஊஞ்சல், நின்றபடியே காலாட்டிக் கொழுப்புக் கரைக்கிற இரும்பு மெஷின்கள், அன்னம் மாதிரிச் செய்த மிதிபடகுகள் பன்னிரண்டு, ஐஸ்கிறீம் கடை. அழகில்லை என்று சொன்னால் பொய். திறப்பு விழா அன்று மஹ்மூதா வழக்கம்போல அந்த வழியால் ஒட்டிமீன் கூடையோடு சந்தைக்குப் போனாள். காவலாளி மறித்தான். மீன், கூடை, வலை கொண்டுவரத் தடை என்று மூன்று மொழியில் எழுதிய பலகையைக் காட்டினான். கொலரில் பூக் குத்திக்கொண்டு பெரிய ஆட்களோடு நின்ற சுஹைரை அவள், "காக்கா!" என்று சொந்த அண்ணனைப்போலக் கூப்பிட்டாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, முன்பின் அறியாத ஒருத்தியைப் பார்த்ததுபோல மற்றப் பக்கம் திரும்பி ஐஸ்கிறீம் கடைக்காரனோடு கதைக்கத் தொடங்கினார். இந்தப் பூங்காவுக்குள் இனி என் கால் படாது என்று அவள் அன்றைக்கே சத்தியம் செய்தாள்.

அவளுடைய கால் போகட்டும். துறையை முக்கால் கட்டைத் தூரம் தள்ளி, உப்பளத்து வாய்க்கால் விழுகிற இடத்துக்கு மாற்றினார்கள். அது சேறு. தண்ணீர் வடிகிற வத்து நேரத்தில் தோணி நூறு யார் தூரத்துக்கு அப்பால் தரைதட்டி நிற்கும். எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்து வரவேண்டும். அந்தச் சேற்றுக்குள் திருக்கை மீன் புதைந்து கிடக்கும். களப்புத் தொழிலாளி எவனும் தண்ணீரில் காலைத் தூக்கி வைக்கமாட்டான். தரையோடு இழுத்து இழுத்துத்தான் நடப்பான், திருக்கை அசைவு கண்டு விலகிவிடும். மிதித்தால்தான் வாலைச் சுழற்றி அடிக்கும். பிள்ளைகள் நடை பழகும்போதே இதையும் பழகிவிடுவார்கள். ஆனால் தோளில் எஞ்சின், காலில் இழுக்கும் சேறு, அரைவாசி வழியில் களைப்பு. மஹ்மூதாவின் மகன் ஹில்மி ஒரு தடவை காலைத் தூக்கி வைத்துவிட்டான்.

வாலின் விஷமுள் கணுக்காலுக்கு மேலே ஏறியது. சுடுதண்ணீர் ஊற்றினார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். பதினேழு நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அப்போது அவனுக்கு இருபத்துமூன்று வயது.

இப்றாஹிம் தோணியை விற்றுவிட்டான். எஞ்சினை மட்டும் விற்க மனம் வராமல் கட்டிலுக்குக் கீழே சாக்கில் சுற்றி வைத்திருக்கிறான். சுஹைர் பாவம் பார்த்து அவனுக்குப் பூங்காவில் மிதிபடகுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை வாங்கிக் கொடுத்தார். நீலச் சேட்டு, கழுத்தில் விசில். ஐம்பத்தாறு வயதுவரை களப்பின் எந்த மூலையில் இறால் படும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன மனிசன், இன்றைக்கு அன்னத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மஹ்மூதாவால் அந்தச் சேட்டைத் தோய்க்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்காமல் இருக்க முடியவில்லை.

ஹில்மியோ எதுவும் சொல்வதில்லை. பிளாஸ்டிக் கால் ஒன்று கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு பின்னேரம் பின்னேரம் பூங்காவுக்குப் போவான். ஊரில் பள்ளம் திட்டி இல்லாத பாதை அது ஒன்றுதான். ஏழு சுற்றுச் சுற்றுவான், மக்ரிப் பாங்குக்கு வீட்டுக்கு வருவான். வழியில் சுஹைரைக் கண்டால் மரியாதையாக ஸலாம் சொல்லுவான். என்ன பொறுமை, எவ்வளவு ஸபூரான பிள்ளை என்று ஊரே மெச்சியது. தாய்க்கு அந்த மெச்சலும் எரிச்சல்தான்.

*

செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு படலைச் சத்தம் கேட்டது. கச்சான் காற்று தொடங்கியிருந்த நாள். உப்பளத்துப் புழுதி வீட்டுக்குள் வந்து வாயெல்லாம் கரித்தது. சுஹைர் வெள்ளைச் சாரமும் வெள்ளைத் தொப்பியுமாக வந்து கதிரையில் உட்கார்ந்தார். இப்றாஹிம் அன்றைக்கு வேலையிலிருந்து நேரத்தோடு வந்திருந்தான். காற்றுக்கு மிதிபடகு விடக்கூடாது என்று உத்தரவு. ஹில்மி பூங்காவுக்குப் போயிருந்தான்.

"திங்கக்கெழம பயணம் மச்சான்" என்றார் சுஹைர். "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா அல்லாவுக்காக மாப்புத் தாங்க. நூத்தி முப்பது வீடு ஏறி எறங்கிட்டன். கால் ரெண்டும் வலி."

"என்ன காக்கா இது, மாப்பு, மாப்பு" என்று இப்றாஹிம் அவரைக் கட்டிப்பிடித்தான். "எங்களுக்கும் துஆ கேளுங்க. மதீனாவுல எங்கட ஸலாமையும் சொல்லுங்க."

மஹ்மூதா பிளேன்டிக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் ஒரு துண்டுப் பனங்கட்டி. வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது.

"தங்கச்சி, நீயும் ஒரு சொல்லுச் சொல்லு."

"நான் மாப்புத் தரல்ல, காக்கா."

சுஹைர் சிரித்தார். பகிடி விடுகிறாள் என்று நினைத்தார் போலும். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"மஹ்மூதா!" என்றான் இப்றாஹிம்.

"நீங்க குடுத்தத நான் தடுத்தனா? அது உங்கட. நான் என்டயத் தரல்ல."

"என்ன புள்ள இது" சுஹைரின் குரல் இறங்கியது. "நான் வேணுமெண்டா செஞ்ச? எனக்கும் அந்தக் கடதாசிய வாசிச்சிக் காட்டினவன் வேற மாதிரித்தானே சொன்ன."

"அப்ப, தொறப்பு விழா அண்டைக்கி நான் கூப்பிட்டது? அதயும் ஆரும் வேற மாதிரி வாசிச்சிக் காட்டினவங்களா?"

அவர் பிளேன்டியைத் தொடவில்லை. "தொண்ணூறுல எங்கட வாப்பா..." என்று தொடங்கினார்.

"அதச் சொல்லுவீங்க எண்டு தெரியும். அந்தக் கஞ்சிக்கி நான் துஆ செய்யாத நாளில்ல. ஆனா கஞ்சி உங்கட வாப்பாட ஹக்கு. கால் எங்கட ஹக்கு. அதுக்கு இது கழியாது."

சுஹைர் எழுந்து போய்விட்டார். படலையைச் சாத்தக்கூட மறந்துவிட்டார். அது காற்றில் அடித்துக்கொண்டே கிடந்தது.

"ஒனக்கு விசர் புடிச்சிருக்கு" என்றான் இப்றாஹிம். "நாளைக்கி என்ட வேலையப் புடுங்கினா என்ன செய்வ? நண்டு ஒடச்சிச் சோறு போடுவியா?"

"போடுவன். இப்பயும் ஆரு போடுற?"

"ஹஜ்ஜுக்குப் போற மனிசன மறிச்ச பாவம் ஒனக்கு வேணுமா?"

"நான் எங்க மறிச்சன்? போகட்டும். நல்லாப் போகட்டும். நடுக்கத்தோட போகட்டும்."

"அப்பிடி ஒரு கல்லு மனசா ஒனக்கு?"

"ஓம். சிப்பித் தரைல வாழ்ந்தவள்தானே. சேத்துல தள்ளிவிட்டாப்போல எளகுமா?"

இப்றாஹிம் பாயை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்ப் படுத்துவிட்டான். அன்றிலிருந்து அவர்கள் கதைத்துக்கொள்ளவில்லை. ஹில்மிக்குச் சோறு போட்டபோது அவனும் ஒன்றும் கேட்கவில்லை. பாரைமீன் ஆணத்தில் புளி கூடிவிட்டது என்று மட்டும் சொன்னான்.

மஹ்மூதாவுக்கோ அடுத்த இரண்டு நாளும் பெருநாள். உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம். சுஹைர் சாப்பிடுவதில்லையாம், தொழுகைப் பாயிலேயே இருக்கிறாராம், பள்ளிவாசல் மௌலவியிடம் போய் ஒருத்தி மட்டும் மாப்புத் தராவிட்டால் என்ன சட்டம் என்று கேட்டாராம், மௌலவி தாடியைத் தடவினாராம். இப்படியாக ஒவ்வொரு செய்தியும் வர, அவள் நண்டை முன்னைவிட வேகமாக உடைத்தாள். நன்றாகத் தவிக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சுஹைரின் மனைவி ஃபஹ்மியா ஒரு வட்டிலப்பத் தட்டோடு வந்தாள். வந்தவள் உட்காராமல் நின்றுகொண்டே அழுதாள்.

"ராத்தா, ரெண்டு பேருமாப் போறம். எஹ்ராம் உடுப்பையும் எடுத்து வெச்சாச்சி. இந்த மனிசன் என்னடாண்டா, நான் போகல்ல, எனக்கு வழியில்ல எண்டு சின்னப்புள்ள மாதிரி குந்தியிருக்கிது. நீங்க என்ன கேட்டாலும் செய்வாரு. சொல்லுங்க."

மஹ்மூதா யோசிக்கவே இல்லை. இரண்டு வருடம் யோசித்தாகிவிட்டது.

"ஞாயித்துக்கெழம பின்னேரம் வத்து. நாலு மணிபோல தண்ணி நல்லா எறங்கிடும். நௌஃபர்ட தோணி தரதட்டி நிக்கிற எடத்துல இருந்து, அவர் எங்கட எஞ்சினத் தோளுல தூக்கிக்கொண்டு கரைக்கி நடந்து வரட்டும். செருப்பில்லாம. ஆரும் ஒரு கை குடுக்கப்படாது. அவர் தந்த தொறதானே? அவர் ஒரு தரம் நடக்கட்டும். நடந்தா மாப்பு."

"அறுவது வயசு மனிசன் ராத்தா. பிரசர் வேற. திருக்க..."

"என்ட புள்ளைக்கி இருவத்திமூணு" என்றாள் மஹ்மூதா. வட்டிலப்பத் தட்டை ஃபஹ்மியாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் முகத்தில் ஊர்வலம் பார்க்க வந்ததுபோலச் சனம் கூடிவிட்டது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை, ஆனால் ஒப்பம் வைத்த முப்பது நாற்பது பேரில் வராதவர் குறைவு. சிரிப்பு, பகிடி ஒன்றும் இல்லை. கண்டல் மரங்களுக்குக் கீழே குந்தியிருந்து பீடி குடித்தார்கள். தண்ணீர் வத்தி, சேறு வெயிலில் மினுங்கியது. அழுகிய கடற்தாழையின் நாற்றம் காற்றோடு அள்ளி வந்தது. மஹ்மூதா முகத்திரையை நெற்றியில் சுருட்டிவிட்டு முன்வரிசையில் நின்றாள்.

இப்றாஹிம் எஞ்சினைச் சாக்கிலிருந்து எடுத்து, துடைத்து, காலையிலேயே, முன்பு கூடத் தொழில் செய்த நௌஃபரின் தோணியில் ஏற்றிவிட்டிருந்தான். இப்போது கையில் ஒரு பெரிய சுடுதண்ணீர்ப் போத்தலோடு வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றான். திருக்கை அடித்தால் முதலில் ஊற்றுவது சுடுதண்ணீர்தான். விஷத்தை அது கொஞ்சம் அடக்கும்.

"இதென்னத்துக்கு?" என்றாள்.

"நான் என்ட புள்ளைட கால்ல ஊத்தினவன். எனக்குத் தெரியும் என்னத்துக்கு எண்டு" என்றான் அவன். நாலு நாளைக்குப் பிறகு அவளோடு கதைத்த முதல் கதை அது.

நௌஃபர் தோணியில் நின்று எஞ்சினைத் தூக்கி சுஹைரின் தோளில் வைத்தான். இவ்வளவு தூரத்திலும் அந்த உடம்பு ஒரு பக்கம் சாய்வது தெரிந்தது. சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். வெள்ளைத் தொப்பி தலையில் இருந்தது. பிஸ்மி சொல்லிக் காலை இறக்கினார்.

வலைக் கடை வைத்திருந்தவருக்கு வலை தெரியும், சேறு தெரியாது. சங்கத் தலைவராக எத்தனையோ கூட்டத்தில் கதைத்தவர், சேற்றில் எப்படி நடப்பது என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. வாய்க்காலைக் கடக்கிறவர் மாதிரி ஒவ்வொரு காலையும் உயரத் தூக்கிப் பிடுங்கித் தூக்கி வைத்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மஹ்மூதா பார்த்தாள். பார்க்கத்தானே வந்தாள். இருபது யார். முப்பது யார். இன்னும் தூக்கு, நல்லாத் தூக்கு என்று அவள் மனசு சொன்னது. அப்படித்தான் சொன்னது, அதை அவள் பிறகும் மறைக்கவில்லை. ஐம்பதாவது யாரில் அவருக்கு மூச்சு வாங்கிற்று. நின்றார். எஞ்சினை மற்றத் தோளுக்கு மாற்றப் போய், பிடி வழுகி, முழங்காலில் விழுந்தார். தொப்பி சேற்றில் விழுந்தது. எஞ்சினை மட்டும் விடவில்லை, நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டார். கரையில் ஒருவர் எழும்பினார். மஹ்மூதா திரும்பிப் பார்க்க, மறுபடியும் குந்திவிட்டார்.

சுஹைர் எழுந்தார். இடுப்புவரை கறுப்பு. வலதுகாலைப் பிடுங்கி, முன்னைவிட உயரமாகத் தூக்கினார். அவர் கால் வைக்கப்போகிற இடத்தில், தேங்கி நின்ற தண்ணீருக்குள், சேறு இலேசாக ஊதி அடங்கியது. தொழில் தெரியாதவன் கண்ணுக்கு அது தெரியாது. மஹ்மூதாவின் கண்ணுக்குத் தெரிந்தது.

"தூக்காதீங்க!" என்று ஒரு சத்தம் கேட்டது. "காலத் தூக்காதீங்க காக்கா! இழுத்து வாங்க, தரையோட இழுத்து வாங்க!"

அது தன்னுடைய குரல் என்று அவளுக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையைத் தண்ணீரில் இறக்கி, ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய வாய். அது மனசைக் கேட்டுக்கொண்டு பேசவில்லை. சுஹைர் தூக்கிய காலை அந்தரத்தில் நிறுத்தி, மெல்லக் கீழே இறக்கி, உழவு மாட்டைப்போல இழுத்தார். இரு கை விரித்த ஒரு பாகத்துக்கு அப்பால் தண்ணீர் சுழித்து, ஒரு பழுப்பு நிறச் சிறகு விரிந்து ஓடியது.

கரைக்கு வந்து எஞ்சினை இப்றாஹிமின் காலடியில் வைத்தார். வாயைத் திறந்து ஒன்றும் கேட்க அவருக்கு மூச்சில்லை. மஹ்மூதாவுக்கு அவர்மேல் இருந்த வெறி எங்கேயோ போய்விட்டது. தேடிப் பார்த்தாள், இல்லை. அதுவும் அவளுக்குக் கோபத்தையே தந்தது.

"மாப்பு" என்றாள். "அல்லாவுக்காக."

சுஹைர் சேற்றுக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். இப்றாஹிம் சுடுதண்ணீர்ப் போத்தலை மணலில் வைத்துவிட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றான். சனமும் சொன்னது. அந்த நேரம்தான் தோணியிலிருந்து பின்னால் நடந்து வந்த நௌஃபர், காலைக் கழுவிக்கொண்டே, சும்மா கேட்பதுபோலக் கேட்டான்.

"காலுக்குடையவன்ட்ட கேட்டாச்சிதானே காக்கா?"

சுஹைர் இப்றாஹிமைப் பார்த்தார். இப்றாஹிம் மஹ்மூதாவைப் பார்த்தான். நூற்று முப்பது வீட்டிலும் வாப்பாமாரிடமும் உம்மாமாரிடமும் கேட்டாயிற்று. வீட்டுப் பெரியவர் கொடுத்தால் வீடே கொடுத்ததுதான் என்பது ஊர் வழக்கம். ஹில்மி தினமும் ஸலாம் சொல்கிற பிள்ளை, அவனிடம் போய் என்னத்தைக் கேட்பது? மஹ்மூதாகூட இந்த ஐந்து நாளில் அவனை ஒரு சொல் கேட்கவில்லை. அவனுக்காகத்தானே எல்லாம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பார்க்குல இரிப்பான்" என்றான் இப்றாஹிம். "கழுவிட்டுப் போவம்."

"வேணாம்" என்றார் சுஹைர். "இப்பிடியே வாறன். அவன் பாக்கட்டும்."

*

பூங்காக் கேற்றில் மஹ்மூதாவின் கால் ஒரு தடவை நின்றது. பிறகு சத்தியத்தை விழுங்கிக்கொண்டு உள்ளே வைத்தாள். காவலாளி சுஹைரை ஏறிட்டுப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், விலகினான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பிள்ளைகள் ஊஞ்சலுக்குச் சண்டை பிடித்தார்கள். இரும்பு மெஷின்களில் பொம்பளைகள் அபாயாவோடு காலாட்டிக்கொண்டிருந்தார்கள். சேறு சொட்டச் சொட்ட நடந்துபோன மனிசரைக் கண்டு ஒவ்வொருவராக வாயை மூடினார்கள்.

ஹில்மி ஐந்தாவது சுற்றில் இருந்தான். களப்போரக் கம்பியைப் பிடித்தபடி வந்தவன், அவர்களைக் கண்டு நின்றான். உம்மாவை அங்கே கண்டதுதான் அவனுக்குப் புதினம். பிறகு சுஹைரின் காலைப் பார்த்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. சேத்தாலயா வாறீங்க?"

"ஓம் மகன்" என்றார் சுஹைர். "எஞ்சினோட நடந்தன். நீ நடந்த மாதிரி. நாளைக்கிப் பயணம். ஒன்ட்ட நான் முதல்லயே வந்திருக்கோணும். எனக்கு மாப்புத் தா மகன்."

"எத்தின தரம் நடந்தீங்க?"

"ஒரு தரம்."

ஹில்மி தலையாட்டினான். கோபம் இல்லை, ஏளனம் இல்லை. விலை விசாரித்தவனுக்குப் பதில் கிடைத்ததுபோல ஒரு தலையாட்டல்.

"போயிட்டு வாங்க ஹாஜியார்" என்றான். "ஹஜ்ஜுலயும் ஏழு சுத்து இரிக்கிதானே, நல்லாச் சுத்துங்க. ஒவ்வொரு சுத்துலயும் என்ன நெனச்சிக்கொள்ளுங்க. வந்த பொறகு சொல்றன்."

"மகன்" என்றாள் மஹ்மூதா. "நான் குடுத்திட்டன்டா."

"அது உங்கட மாப்பு உம்மா. உங்களுக்கு ரெண்டு காலும் இரிக்கி." அவன் குரல் உயரவே இல்லை. "ரெண்டு வருசமா எல்லாரும் என்ட காலுக்குச் சண்ட புடிச்சீங்க. ஒத்தராவது என்ட்ட, ஒனக்கு என்ன வேணுமெண்டு கேட்டீங்களா?"

இரண்டு வருடமாக இந்தச் சொல்லுக்குத்தான் ஏங்கினாள். யாராவது ஒருவர் சுஹைரின் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும் என்று ஏங்கினாள். தன் பிள்ளையின் வாயிலிருந்து கேட்டபோது அவளுக்குப் பயமாக இருந்தது. அவளுடைய கோபம் சட்டியில் கொதித்து எல்லோர் காதிலும் விழுந்த கோபம். இவன் தினமும் ஸலாம் சொல்லிக்கொண்டே வைத்திருந்திருக்கிறான்.

ஹில்மி கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டான். பிளாஸ்டிக் கால் கல்லில் ஒரே அளவாகத் தட்டிக்கொண்டு போனது.

காவலாளி தயங்கித் தயங்கி வந்தான். "கோவிச்சிக்கொள்ள வேணாம் ஹாஜியார். கல்லெல்லாம் சேறாகுது, சனம் முறைப்பாடு சொல்லுது. கொஞ்சம் வெளிய நிண்டு கதைக்கிறீங்களா?"

பலகையில் இருந்த சட்டத்தை எழுதுவித்தவர் சுஹைர்தான். அவர் திரும்பி நடந்தார். இப்றாஹிம் விசிலைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி, கட்டியிருந்த அன்னங்களுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டான். மஹ்மூதா சுஹைருக்குப் பின்னால் கேற்றுக்கு வெளியே வந்தாள். கச்சான் காற்றில் அவர் மேலிருந்த சேறு காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது.

"மஹ்மூதா, நீ ஒரு சொல்லுச் சொன்னா அவன் கேப்பான்" என்றார்.

"கேக்கமாட்டான் காக்கா" என்றாள். இதை அவன் யாரிடம் படித்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆறாவது சுற்றில் ஹில்மி கேற்றைக் கடந்தான். வெளியே நின்ற இருவரையும் பார்த்தான். மரியாதையாக ஸலாம் சொன்னான். நிற்கவில்லை.